மூன்றாம் காட்சியில் யார் காலில் யார் விழுவது?

தொட்டியில் ஊற வைத்த நெல்லின் புளித்த நாற்றம்... வெயிலில் காய்ந்த சிமெண்டுக் களத்தின் சூடு செருப்பையும் தாண்டி உள்ளங்காலில் ஏறும். அந்த அரிசி மில் களத்தில்தான் நான் நாடகத்துக்குப் பையன்களைத் தேர்ந்தெடுத்தேன்.

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். ஆட்சி மாறி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. தெருவுக்கு ஒரு படிப்பகம், படிப்பகத்துக்கு ஒரு செயலாளர், வருஷத்துக்கு ஒரு நாடகம். நான் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருந்த இருபத்திரண்டு வயது வாத்தியார். "பசங்கள நீங்களே செலக்ட் பண்ணிடுங்க சார்" என்று செயலாளர் அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

வழக்கமான சமத்துவ நாடகம்தான். மூன்றாம் காட்சியில் பண்ணையாள் கூலி கேட்டு மிராசுதார் காலில் விழுவான். கடைசிக் காட்சியில் மிராசுதார் திருந்தி அவனைக் கட்டிக்கொள்வார். வெளியே நிலைமை அப்படி இல்லை. அந்த வருஷம் கூலிக்காகச் சங்கம் கொடி ஏற்றி, அறுவடை பாதியில் நின்றிருந்தது.

தேர்வுக்கு மைக் கிடையாது. பையன் களத்தின் ஒரு கோடியில் நின்று பேச வேண்டும், நான் மறுகோடியில் நிற்பேன். காதில் விழுந்தால் பாஸ்.

வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே வியாதி. மூச்சு விடாமல் அடுக்குமொழி! நீதி, நிதி, நாதி என்று ஒருவன் அடுக்கிக்கொண்டே போய், பாதியில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டான். விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஊரின் பெரிய மிராசுதார் மகன் ராஜகோபால் வந்தான். அவனுக்கு அழுகை நன்றாக வந்தது. பண்ணையாள் வேஷம் அவனுக்கு என்று எழுதிக்கொண்டேன்.

கடைசியாகக் கலியமூர்த்தி. பதினாறு வயது. அவன் அப்பா, ராஜகோபால் வீட்டுப் பண்ணையாள்.

"சார், நான் மிராசுதார் வேஷம் பேசிக் காட்டட்டுமா?"

அவன் கத்தவில்லை. ஒரு நெல் மூட்டை மேல் உட்கார்ந்தான். காலை முன்னால் நீட்டினான். எதிரில் இருப்பவன் முகத்தைப் பார்க்காமலே, "என்னடா... கூலி பத்தலையாமே?" என்றான். அவ்வளவுதான். மறுகோடியில் இருந்த எனக்குத் தெளிவாகக் கேட்டது. களத்தில் நெல் கிண்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வேலையை விட்டுவிட்டு ஒதுங்கி நின்றார்கள். நடிப்பு என்று புரிந்த பிறகுதான் அவர்களுக்குச் சிரிப்பு வந்தது.

படிப்பகத்துப் பலகையில் பட்டியலை ஒட்டினேன். மறுநாள் காலையில் செயலாளர் வந்தார்.

"சார், பேர மாத்திப் போட்டுட்டீங்க போலருக்கே."

"இல்லையே."

"மூணாவது சீன்ல ராஜகோபாலு, கலியமூர்த்தி கால்ல விழணும். பெரியவரு வீட்ல ஒத்துக்குவாங்களா?"

"நாடகம்தானே சார்..."

"நாடகம்தான். ஆனா விழறது நெசமாத்தானே விழுவான்?"

சொன்னவர் யார் தெரியுமா? முந்தின வாரம்தான் கடைத்தெருவில் மேடை போட்டு, மனிதனுக்கு மனிதன் தாழ்ந்தவன் இல்லை என்று முக்கால் மணி நேரம் முழங்கியவர். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில்!

மாற்ற முடியாது என்று வீராப்பாகச் சொன்னேன். "உங்களுக்கு வேல இன்னும் பர்மனென்ட் ஆகலல்ல சார்?" என்று ரொம்ப அன்பாகக் கேட்டுவிட்டுப் போனார்.

மத்தியானம் கலியமூர்த்தியின் அப்பா வந்தார். துண்டு கக்கத்தில். என் அப்பா வயது இருக்கும்.

"பையன் பேர அடிச்சிடுங்க சார். குடியிருக்குற மனை அவங்களுது. காலி பண்ணுன்னா புள்ளகுட்டியோட எங்க சார் போவேன்?"

குடியிருப்பவனுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்துவிட்டதாகப் பேப்பரில் போட்டிருந்தது. பட்டா இன்னும் அவர் கைக்கு வரவில்லை.

அவருக்காகத்தான் மாற்றினேன் என்று ரொம்ப வருஷம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். அவர் வரும்போதே என் கையில் பேனா இருந்தது. புதுப் பட்டியல் பாதி எழுதியாகிவிட்டது.

சாயங்காலம் கலியமூர்த்தியைக் கூப்பிட்டு, "நீ பண்ணையாளா நடி, அதுவும் நல்ல வேஷம்தான்" என்றேன். எந்த முகத்தோடு சொன்னேனோ!

"கால்ல விழறதுக்கு எதுக்கு சார் செலக்சன்?" என்று மட்டும் கேட்டான். அப்புறம் ஒத்திகைப் பக்கமே அவன் வரவில்லை.

நாடகம் நடந்தது. அவன் தெருவிலிருந்தே வேறொரு பையனைப் பிடித்து விழ வைத்தார்கள். ராஜகோபால் குரல் மைக் வைத்தும் நாலாவது வரிசையைத் தாண்டவில்லை. முடிந்ததும் செயலாளர் சமத்துவம் பற்றிப் பேசினார். எல்லாரோடும் சேர்ந்து நானும் கை தட்டினேன்.

இப்போது அந்தக் களத்தில் கல்யாண மண்டபம். கலியமூர்த்தி வீட்டுக்குப் பட்டா வந்து, மாடியும் கட்டியாயிற்று. நாடகத்தில்கூட விழ மாட்டோம் என்ற வீட்டுப் பிள்ளைகள், எலெக்சன் சீட்டுக்காக மேடையில் தலைவர் காலில் நிஜமாகவே விழுகிறார்கள். அதற்கு எந்தப் பெரியவரும் தடை சொல்வதில்லை.

போன வாரம் பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ராஜகோபால் அந்த நாடக போட்டோவைப் போட்டிருந்தான். 'வித்தியாசம் பார்க்காமல் ஒண்ணா இருந்த பொற்காலம்' என்று வேறு எழுதியிருந்தான். வரிசையாகப் பூ, கும்பிடு, இதயம். "கலியமூர்த்தி ஏன் இதுல இல்ல?" என்று ஒருவன் கேட்டான். "அவனுக்கு நாடகத்துல இன்ட்ரஸ்ட் இல்லப்பா" என்று பதில் போட்டான் ராஜகோபால்.

இன்ட்ரஸ்ட் இல்லையாம்! இதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ராஜகோபால், நீ போட்டுக்கொண்டு நிற்கிற அந்த வேஷம் அவனுடையது. உன் அப்பாவுக்குப் பயந்து அவன் பேரை அடித்தது நான். கலியமூர்த்தியும் அந்த குரூப்பில்தான் இருக்கிறான்... அவன் படிப்பான் என்று தெரிந்துதான் இதை அங்கேயே எழுதுகிறேன்.