அரை மில்லிலீற்றர்

எனக்குக் கணக்கென்றால் பயம் கிடையாது. வகுப்பில் இறாத்தலைக் கிலோவாக மாற்றச் சொன்னாலே மற்றவர்கள் நகம் கடிப்பார்கள். இரண்டு தசம் இரண்டால் பிரித்தால் முடிந்தது. நாற்பத்துநான்கு இறாத்தல் பிள்ளை இருபது கிலோ. கிலோவுக்குப் பதினைந்து மில்லிகிராம் மருந்தென்றால் முந்நூறு. இதில் முழிப்பதற்கு என்ன இருக்கிறது என்று, நாற்பத்துமூன்று வயதில், என்னில் பாதி வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் இருந்துகொண்டு மனதுக்குள் நக்கலடிப்பேன். அந்த நக்கலுக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நேர்ஸிங் படிக்கிற எங்களுக்கு மருந்துக் கணக்கில் ஒரு பரீட்சை இருந்தது. நூற்றுக்கு நூறு எடுத்தால்தான் வார்டுக்கு விடுவார்கள். தொண்ணூற்றொன்பதும் பெயில்தான். ஒரு தசமப் புள்ளி இடம் மாறினால் ஓர் உயிர் போய்விடும் என்று ஆசிரியை முதல் நாளே சொன்னார். குறைத்துக் கொடுப்பதும் பிழைதான் என்றும் சொல்லியிருப்பார். சொல்லாமல் விட்டிருக்க மாட்டார். என் காதில் அது ஏறவில்லை.

அந்த விண்டரில்தான் என் கணவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கணையத்தில் வந்த புற்றுநோய் முள்ளந்தண்டு வரைக்கும் போயிருந்தது. இனி வைத்தியம் இல்லை, வலியை மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டொக்டர். வோபர்னில் எங்கள் அப்பார்ட்மென்டின் ஹோலில் சோஃபாவை ஒதுக்கிவிட்டுக் கட்டிலைப் போட்டோம். பாமசியிலிருந்து மோர்பின் தண்ணிமருந்து நூறு மில்லிலீற்றர் போத்தலில் வந்தது. ஒரு மில்லிலீற்றரில் ஐந்து மில்லிகிராம். நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஏழரை மில்லிகிராம் கொடுக்க வேண்டும். அதாவது ஒன்றரை மில்லிலீற்றர். ஊசியில்லாத சிறிஞ்சில் ஒன்றரைக் கோடு வரைக்கும் இழுத்து வாய்க்குள் விடவேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதல் வேளை ஒன்றரைதான் கொடுத்தேன். அவர் வாய் திறந்தபடி அசையாமல் தூங்கினார். பயத்தில் தோளைப் பிடித்து உலுப்பி எழுப்பிவிட்டேன். அஜின்கோர்ட்டிலிருந்து வந்திருந்த மச்சாள், அவருடைய தமக்கை, கட்டில் காலடியில் நின்றுகொண்டிருந்தா.

“உது ஆளை அப்பிடியே அமத்திப்போடும். எங்கட பக்கத்து வீட்டு அங்கிளுக்கு உதைக் குடுத்து மூண்டாம் நாள் ஆள் முடிஞ்சுது. பழகினாலும் பிறகு விடாது. பாத்துக் குறைச்சுக் குடும்.”

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று கேட்டு வளர்ந்தவள் நான். மோர்பின் கொடுக்கத் தொடங்கினால் ஆளை அனுப்பிவைக்கப் போகிறார்கள் என்பதுதான் எங்கள் சனத்தின் கணக்கு. அது பிழை என்று எனக்குப் பாடத்திலேயே இருந்தது. வகுப்பில் யாராவது கேட்டால் பத்து நிமிடம் விளக்கியிருப்பேன். ஆனால் அடுத்த வேளையிலிருந்து சிறிஞ்சில் ஒன்றுக்கு மேலே இழுக்க என் கை போகவில்லை. குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது தசமத்தைக் கீழ்நோக்கி மட்டுந்தான் சுருக்க வேண்டும் என்று படித்திருந்தேன். அதை எனக்கு நானே சாட்டாகச் சொல்லிக்கொண்டேன். நான் வகுப்புக்குப் போகிற நாட்களில் மச்சாள் கொடுப்பதற்கும் ஒவ்வொரு மில்லிலீற்றர்தான் இழுத்து வைத்தேன். அதனால் அவவில் பழி போடவும் எனக்கு வழியில்லை.

அவருக்கு எதுவும் தெரியாது. போனில் யார் சுகம் விசாரித்தாலும், “எனக்கென்ன குறை, வீட்டிலயே நேர்ஸ் நிக்கிறா” என்று சொல்லிக்கொள்வார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து பரீட்சைக்குக் கணக்குப் போட, போன் கல்குலேட்டரில் விடையைச் சரிபார்ப்பார். மூன்றாவது மணித்தியாலம் முடிந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டுப் பல்லைக் கடிப்பார். போர்வையைச் சுருட்டிப் பிடிப்பார்.

“இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கு?”

“ஒரு மணித்தியாலம். கொஞ்சம் பொறுங்கோ.”

பொறுத்தார். வீட்டுக்கு வந்து பார்க்கிற நேர்ஸ் வலி பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எத்தனை என்று கேட்டபோது, என் முகத்தைப் பார்த்துவிட்டு மூன்று என்றார். என் பெயர் கெடக் கூடாதென்று அப்படிச் சொன்னாரா, என் பராமரிப்பில் அவ்வளவு நம்பிக்கையா, எனக்குத் தெரியாது. அது மூன்று இல்லை என்பது மட்டும் தெரியும்.

ஒன்பதாம் நாள் பரீட்சை. டொக்டர் எழுதிய அளவு இவ்வளவு, போத்தலில் இருப்பது இவ்வளவு, எத்தனை மில்லிலீற்றர் கொடுப்பாய் என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். யோசிக்காமல் எழுதினேன். தாளில் இருக்கிற நோயாளிக்கு வலிக்காது, அவரைப் பார்த்துக் கை நடுங்கவும் தேவையில்லை. அன்று பின்னேரமே முடிவு வந்தது, நூற்றுக்கு நூறு. அவர் படுத்திருந்தபடியே மூன்று பேருக்குப் போன் பண்ணிச் சொன்னார்.

அடுத்த நாள் நேர்ஸ் புதுப் போத்தலுக்கு எழுத வந்தார். குசினிக்குள் நின்று பழைய போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் எவ்வளவு கொடுக்கிறேன் என்று கேட்டார்.

ஒன்றரை என்றேன்.

நேர்ஸ் பேனையை எடுத்தார். கையிலிருந்த தாளின் ஓரத்தில் எழுதினார். ஒரு நாளைக்கு ஆறு வேளை, ஒன்பது மில்லிலீற்றர். பத்து நாளைக்குத் தொண்ணூறு. மிச்சம் பத்து இருக்க வேண்டும், இதில் நாற்பது இருக்கிறது என்று தாளை என் பக்கம் திருப்பினார். நான் கற்ற அதே கணக்கு. நிறைய வீடுகளில் இப்படி நடப்பதுண்டு, பயப்படாதீர்கள், டொக்டர் எழுதினது அவருக்குப் பாதுகாப்பான அளவுதான் என்று சொல்லி என் முழங்கையைத் தொட்டார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கனிவுதான் என்னைக் கொன்றது.

நேர்ஸ் போனபிறகு மிச்சக் கணக்கை நானே போட்டேன். முப்பது மில்லிலீற்றர், நூற்றைம்பது மில்லிகிராம். என் கணவருக்குச் சேரவேண்டிய இருபது வேளை மருந்து போத்தலுக்குள்ளேயே கிடந்தது. அதை அவர் உடம்பால் பொறுத்திருக்கிறார். நான் பக்கத்திலிருந்து கணக்குப் படித்திருக்கிறேன். படித்த மடைச்சி என்று யாரையாவது சொல்லக் கேட்டால் இப்போதும் எனக்குச் சுருக்கென்கிறது.

இரண்டு மணிக்கு ஒன்றரை இழுத்துக் கொடுத்தேன். அவர் தூங்கினார். நான் பக்கத்தில் கதிரை போட்டு, மூச்சுக் குறைகிறதா என்று எண்ணினேன். நிமிடத்துக்குப் பதினாலு. பிறகும் பதினாலு. சுருங்கியே கிடந்த நெற்றி விரிந்திருந்தது. இந்தப் பத்து நாளும் அந்த முகத்தை நான் பார்க்கவேயில்லை. ஐந்து மணிக்குப் பிறகு கண் விழித்தார்.

“இஞ்சை, இண்டைக்கு மருந்தை மாத்தினவையோ?”

“ஓம்” என்றேன்.

“நல்ல மருந்து. நோ ஒண்டும் தெரியேல்லை.” சுருண்டு கிடந்த போர்வையை நீவிவிட்டார். “உதை முதலே தந்திருக்கலாமே அவங்கள். ஈவிரக்கம் இல்லாத சனம்.”

நானும் அவரோடு சேர்ந்து அவர்களைத் திட்டினேன்.