சொல்லாமல் வைத்திருந்த முடிவு

பேராசிரியர் மல்லிகா இறந்த செய்தி, நான் எங்கள் மலையில், நாடு என்று அழைக்கப்படும் ஊர்த்தொகுதிகளில் ஒன்றான அரியூர் நாட்டில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தபோது வந்தது. தொலைபேசியில் அவருடைய மாணவி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஆய்வகத்தில் அவரோடு உழைத்து, இன்று அவரை நினைவுகூரக் கூடியிருக்கும் உங்களிடம் அதை மறைக்க விரும்பவில்லை.

எடப்புளி நாட்டில் ஒரே குடும்பத்து இளைஞர்கள் மூவர், ஓடும்போதும் சுமை தூக்கும்போதும் திடீரென்று சுருண்டு விழுந்து இறந்திருந்தார்கள். சாமி குத்தம் என்றது ஊர். காரணம் தேடி மலையேறி வந்தவர் மல்லிகா ஒருவர்தான். கிராமச் செவிலியான நான் வீடு வீடாக அவருடன் நடந்தேன். இறந்தவர்களின் அத்தை வெள்ளையம்மாள் எங்களுக்குச் சாமைச் சோறு போட்டாள்; ரத்தம் கொடுக்க மட்டும் தயங்கினாள்.

"உடம்புக்குள்ள எழுதியிருக்கிறத முழுசாப் படிச்சுப் பாக்கப் போறோம்மா. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் தெரிஞ்சிடும். தெரிஞ்சதும் முதல்ல உங்ககிட்டத்தான் சொல்லுவேன்" என்றார் மல்லிகா.

வெள்ளையம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையசைத்த பிறகே கையை நீட்டினாள்; அவளுடைய மகனும் மகளும் அவளுக்குப் பின் கொடுத்தார்கள்.

அதன்பின் எப்போது கேட்டாலும், "இன்னும் பாத்துக்கிட்டிருக்கோம்" என்பார் மல்லிகா. அடுத்த ஆண்டு வெள்ளையம்மாளின் மகன் சின்னராசு, மிளகு மூட்டையோடு பாதையில் சாய்ந்தான். வயது இருபத்திரண்டு.

சில வாரங்களில் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அதிலிருந்த குடும்ப வரைபடத்தில் சின்னராசு ஒரு சிறு கட்டம். இதயத் துடிப்பைக் குலைக்கும் மரபணுப் பிழை உள்ளவன் என்று கறுப்பு அடித்திருந்தார்கள். இறந்தவர்களின் கட்டங்களில் இருந்த குறுக்குக்கோடு அவன் கட்டத்தில் இல்லை. அவன் உயிரோடு இருந்தபோதே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மல்லிகாவிடம் நேரில் போய்க் கேட்டேன்.

"வெளிய சொன்னா வேற யாராவது முந்திக் கட்டுரை போட்டுடுவாங்கன்னு பயந்துட்டேன்" என்றார்.

"தினம் மாத்திரை குடுத்திருந்தா அவன் பொழைச்சிருப்பானுங்களே, டாக்டர்!"



விஷயத்தை வெள்ளையம்மாளிடம் நான்தான் சொன்னேன். "ஏனுங்க நர்சம்மா, உங்களுக்கும் தெரியுமுங்களா?" என்று கேட்டாள். "இல்லீங்க" என்றேன். அவள் நம்பவில்லை.

அதே ஆய்வினால்தான் அவளுடைய மகள் இன்று மருந்து சாப்பிட்டு உயிரோடு இருக்கிறாள். அதை நான் மறுக்க மாட்டேன். மாதந்தோறும் மாத்திரையை நானே கொண்டுபோகிறேன். வெள்ளையம்மாள் "வாங்க" என்பதில்லை. வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறாள். மல்லிகா எனக்கு விட்டுப்போனது அந்தக் கதவு.