சேரன்மாதேவியில் ஏறுகிறவர்

வீரவநல்லூரில் காலை வண்டி ஏறித் திருநெல்வேலியில் இறங்குவேன். சாயங்காலம் திரும்புகிற வண்டியில் திரும்புவேன். டவுணில் ஒரு ஜவுளிக்கடையில் எனக்குச் சிப்பம் கட்டுகிற வேலை. கடையின் பின்னறையில் துணிக்கட்டுகளை அடுக்கி, சாக்கைச் சுற்றி, கயிற்றை இறுக்கித் தைத்து வைக்க வேண்டும். அதற்குப் பேச்சு வேண்டியதில்லை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டிலும் பேச்சு இல்லை. டிக்கெட் கொடுக்கிற ஜன்னலில்கூட நான் வாய் திறப்பதில்லை. காசை வைத்தால் அவர் டிக்கெட்டைத் தள்ளிவிடுவார். சில நாள் வீட்டுக் கதவைச் சாத்தும்போது யோசித்துப் பார்ப்பேன். அன்று முழுவதும் நான் சத்தமாகச் சொன்னது இரண்டே வார்த்தையாக இருக்கும்: "ஆள் வருது."

அதையும் ரயிலில்தான் சொல்லியிருப்பேன்.

மூன்றாம் வகுப்பில் இடம் பிடிக்க ஒரு துண்டு போதும். பலகையின் மேல் துண்டு கிடந்தால் அங்கே யாரும் உட்கார மாட்டார்கள். மரியாதையால் அல்ல. அது யாருடைய துண்டோ, தொட்டால் என்ன ஆகுமோ என்ற கூச்சம்தான். சண்டை போடுவார்கள், திட்டுவார்கள், துண்டை மட்டும் எடுக்க மாட்டார்கள்.

முதல் தடவை நான் யாருக்காகவும் துண்டு போடவில்லை. வெக்கையாக இருந்ததால் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தேன். சேரன்மாதேவியில் வண்டி நின்றதும் கூட்டம் முட்டிக்கொண்டு ஏறியது. தலைப்பாகை கட்டிய ஒருவர் கையில் சோற்று மூட்டையோடு என் எதிரே வந்து நின்றார். நான் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்த மாத்திரத்தில் எனக்கு அடக்க முடியாத தும்மல் வந்தது.

"நம்மளாலதான்," என்றார் அவர். "பேட்டையில மொளகா வத்தல் மண்டியில வேலை. குளிச்சாலும் போகமாட்டேங்கு."

மறுநாள் சேரன்மாதேவி வருவதற்கு முன்பே துண்டைப் பக்கத்தில் விரித்து வைத்திருந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவர் ஏறினார், துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் எடுத்தேன், உட்கார்ந்தார். அதன் பிறகு பல வருஷம் அப்படியே நடந்தது.

அவர் ஏறினாலே பெட்டியில் ஒருவர் சத்தம் போடுவார்.

"மூக்கைப் பொத்துங்கவே! மண்டி வந்துட்டு!"

"ஏன்வே பொத்தணும்? தும்முனா நீர்க்கோவை போயிரும். வைத்தியன்ட்ட போனா துட்டு கேப்பான். நான் சும்மா தாரேன்."

"அப்ப எம் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வாரேன். அவளுக்குத் தீராத தலைவலி."

"அது வத்தலுக்குக் கேக்காதுவே. நீரு ஊரை விட்டுப் போனாத்தான் கேக்கும்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொள்வேன்.

சிரிப்பு அடங்கிய பிறகு என்னிடம் ஒரு சேதி சொல்வார். தினமும் அதே சேதிதான். விடிவதற்குள் ஆற்றில் குளித்துவிட்டு வருகிறவர் அவர். அன்றைக்குப் படித்துறையில் எத்தனை படி தண்ணீருக்குள் இருக்கிறது என்பதைச் சொல்வார்.

"இன்னைக்கு ரெண்டு படி முங்கிட்டு. மேல நல்ல மழை போலுக்கு."

"ம்."

"நேத்து முங்குன படி இன்னைக்குத் தெரியுது."

"ம்."

வண்டி பாலத்தில் ஏறும்போது இரண்டு பேரும் ஆற்றைப் பார்ப்போம். பேட்டையில் அவர் இறங்கிவிடுவார். சாயங்கால வண்டியில் அவரைப் பார்த்ததில்லை. மண்டி பூட்ட நேரமாகும் என்றும், யாராவது வண்டிக்காரரோடு மாட்டுவண்டியில் ஊர் திரும்புவார் என்றும் ஒரு நாள் சொன்னார். ஆகவே என் ஒரு நாளில் எனக்கென்று ஒருவர் பேசுவது சேரன்மாதேவிக்கும் பேட்டைக்கும் நடுவில் மட்டும்தான்.

நாங்கள் பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். எங்கள் பக்கத்தில் பெயரைக் கேட்டால் அடுத்ததாகத் தெருவைக் கேட்பார்கள். தெரு தெரிந்தால் யார் என்ன என்பது தெரிந்துபோகும். தெரிந்த பிறகு பக்கத்தில் பக்கத்தில் தோள் இடிக்க உட்கார்ந்து போக முடியாமல் ஆகிவிடலாம். நான் நாலாவது வரைக்கும் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். குடுமியை அப்போதே கத்தரித்தாயிற்று. நெற்றியிலும் ஒன்றும் இட்டுக்கொள்வதில்லை. பார்க்கிறவர்கள் வேதக்காரன், கிறிஸ்தவன் என்று நினைத்துக்கொள்வார்கள். நான் ஆமென்றும் சொல்வதில்லை, இல்லையென்றும் சொல்வதில்லை. அவர் தலைப்பாகையைப் புருவம் வரைக்கும் இறக்கிக் கட்டியிருப்பார். எந்தப் படித்துறை என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. சேரன்மாதேவி ஆற்றில் ஒவ்வொரு தெருக்காரருக்கும் ஒரு படித்துறை உண்டு.

சீமையில் சண்டை தொடங்கிய வருஷம், கார் நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்த சமயம், ஒரு நாள் அவர் ஏறவில்லை.

முதல் நாள் ஏதோ வேலை என்று நினைத்தேன். அடுத்த நாளும் துண்டு போட்டேன். அதற்கடுத்த நாளும் போட்டேன். அறுப்புக்கு ஊருக்கு ஊர் ஆட்கள் போய்க்கொண்டிருந்ததால் பெட்டியில் நிற்கக்கூட இடம் இல்லை.

"இங்கன யாருவே?"

"ஆள் வருது."

"எங்கன வருது? வண்டி கெளம்பிட்டு. பறந்து வந்து ஏறுவாரோ?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"துண்டுக்கும் டிக்கெட்டு எடுத்திருக்கீரா?" என்றார் இன்னொருவர்.

"சும்மா இரும்வே. பேய்க்கு இடம் போட்டிருக்காரு போலுக்கு. பாத்து இரியும், அது மடியில இருந்துராதியும்."

பெட்டி முழுவதும் சிரித்தது. ஆனாலும் நான் துண்டை எடுக்கவில்லை. துண்டு கிடக்கிற வரைக்கும் அவர் வரக்கூடியவர். அதை எடுத்துவிட்டால் வராதவர் ஆகிவிடுவார் என்று எனக்குள் ஒரு எண்ணம் விழுந்துவிட்டது.

ஆற்றங்கரை ஊர்களில் பேதி கண்டிருக்கிறது என்று அந்த வாரம் பெட்டியில் பேசிக்கொண்டார்கள். சேரன்மாதேவியிலும் ஒன்றிரண்டு வீட்டில் உயிர் போயிருக்கிறதாம். அவர் இருக்கிறாரா, போய்விட்டாரா? யாரிடமாவது கேட்கலாம். மூக்கைப் பொத்தச் சொல்லுகிறவரும் அந்தச் சமயம் பார்த்து வண்டியில் வரவில்லை. மற்றவர்களிடம் என்னவென்று கேட்பது? பெயர் தெரியாத ஒருவருக்காக எத்தனையோ வருஷமாக இடம் போட்டு வருகிறேன் என்பதை எந்த வாயால் சொல்வது?

அமாவாசைக்குக் கடை கிடையாது. அன்று வழக்கமான வண்டியில் ஏறிச் சேரன்மாதேவியில் இறங்கினேன். பல வருஷமாகத் தினம் பார்க்கிற ஸ்டேஷன். அதன் தரையில் கால் வைத்தது அன்றுதான்.

வாசலில் ஒரு வெற்றிலைபாக்குக் கடை. கடைக்காரர் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

"என்ன வேணும் அண்ணாச்சி?"

"ஒரு ஆளைப் பாக்கணும்."

"பேரு?"

"தெரியாது."

"எந்தத் தெரு?"

"தெரியாது."

"என்ன ஆளுக?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்தப் படித்துறையில குளிப்பாரு? அதாவது தெரியுமா?"

"எத்தனை படி முங்கிருக்குன்னு சொல்லுவாரு."

பாக்குவெட்டி நின்றது. "ஏன்வே, நீரு ஆளைத் தேடி வந்தீரா, ஆத்தைத் தேடி வந்தீரா?"

நான் திரும்பிப் போகிறதற்குக் காலை எடுத்துவிட்டேன். பிறகு நின்று, "கிட்ட போனா தும்மல் வரும். பேட்டையில வத்தல் மண்டி," என்றேன்.

"அட, அதை மொதல்ல சொல்லக் கூடாதா! அவருக்கு என்ன? நல்லாத்தான் இருக்காரு. காலையிலகூட இங்கன வெத்தல வாங்கிட்டுத்தான் போனாரு."

தெருவைச் சொல்லி வழியும் சொன்னார். அவர் உயிரோடு இருக்கிறார். வந்த காரியம் முடிந்துவிட்டது. அப்படியே ஸ்டேஷனுக்குள் போயிருக்கலாம். ஆனால் நல்லாத்தான் இருக்கிறவர் ஏன் வரவில்லை என்று இன்னொரு கேள்வி உள்ளே முளைத்துவிட்டது. நடந்தேன்.

தெருவுக்குள் திரும்புகிற இடத்தில் என் கை தானாக மேலே போயிற்று. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். மேல்சாதிக்காரர் தெருவுக்குள் நாங்கள் அப்படித்தான் போவோம். சின்ன வயசிலிருந்து பழகிய கை. என்னைக் கேட்டுச் செய்யவில்லை.

நாலைந்து வீடு தள்ளி ஒரு பலசரக்குக் கடை. வாசலில் பெஞ்சு போட்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவர். தலைப்பாகை இல்லை. அது இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே கிடையாது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. உடனே அவர் கண் என் கக்கத்துக்குப் போயிற்று.

"யாருவே அது?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"ரயில்ல நமக்கு இடம் போடுதவரு."

"எந்த ஊரு? என்ன ஆளுக?"

"கேட்டுக்கிடல."

"கேட்டுக்கிடலையா! இத்தனை வருசமா ஒண்ணா இருந்துட்டு வந்திருக்கீரு?"

"ரயில்ல யாருவே கேக்கா?"

அதற்கு மேல் அந்த ஆள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, துண்டு சொல்லிவிட்டது. பெஞ்சில் இன்னும் ஒருவர் உட்காருகிற இடம் இருந்தது. மண்டிக்காரர் அந்த இடத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். யாரும் என்னை இரு என்று சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் எழுந்தார். தெருவில் இறங்கி என் பக்கத்தில் வந்து, "வாரும், டேசன் வரைக்கும் நடப்போம்," என்றார்.

ஸ்டேஷனில் ஒரு மரப்பலகை. அவர் அதில் உட்கார்ந்து, பக்கத்தில் கையால் தட்டினார். நான் உட்கார்ந்தேன். எனக்குத் தும்மல் வந்தது. இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது.

"மண்டியில ஆளைக் கொறைச்சுட்டாவ," என்றார். "சண்டை வந்ததுலருந்து சரக்கு நகரல. இப்ப மச்சான் கடையில எடை போடுதேன். இனிமே ரயில் கெடையாது."

"ம்."

"சொல்லி விடணும்னுதான் நெனச்சேன். யாருன்னு சொல்லி விட? பேரு தெரியாது. நீரு எந்த டேசன்ல ஏறுதீருன்னுகூடத் தெரியாது. நான் ஏறையில நீரு இருப்பீரு, இறங்கையிலயும் இருப்பீரு." பிறகு, "நீரு எதுக்குவே வந்தீரு?" என்றார்.

"இடம் சும்மா கெடந்துது."

"இன்னுமா போடுதீரு?"

நான் தலையை ஆட்டினேன். அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துரும்வே. நிக்கவன் எவனாவது இருக்கட்டும்."

மேற்கே போகிற வண்டி வருகிற வரைக்கும் அங்கேயே இருந்தோம். அவர் ஒரு வெற்றிலையைக் கிழித்துப் பாதியை நீட்டினார், வாங்கிக்கொண்டேன். "நாலு படி முங்கிருக்கு," என்றார்.

"பாலத்துலருந்து பாத்தா படி தெரியாது," என்றேன். அவரிடம் நானாகச் சொன்ன பேச்சு அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

"தெரியாது. கரைக்கு வரணும்."

வாரும் என்று அவர் சொல்லவில்லை. கரைக்கு வந்தால் எந்தப் படித்துறையில் இறங்குவது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

வண்டி வந்ததும், "உம்ம..." என்று எதையோ கேட்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். பெயராகத்தான் இருக்கும். பெயர் கேட்டால் என்னென்ன தெரிந்துவிடும் என்று பயந்தோமோ அதெல்லாம் அன்று தெரிந்துபோயிற்று. பெயர் மட்டும் தெரியவில்லை. நான் ஏறிக்கொண்டேன். வண்டி நகர்ந்த பிறகும் அவர் பலகையின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் காலை காருகுறிச்சி தாண்டியதும் கைப்பழக்கத்தில் துண்டை விரித்துவிட்டேன். சேரன்மாதேவியில் கூட்டம் ஏறியது. கையில் அரிவாளைச் சாக்கில் சுற்றிப் பிடித்துக்கொண்டு அறுப்புக்குப் போகிற ஒருவர் வந்து என் முன்னால் நின்றார். துண்டைப் பார்த்தார்.

"இங்கன ஆள் வருதா அண்ணாச்சி?"

நான் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தேன்.

"இல்ல. இரியும்," என்றேன்.

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தேன். வண்டி பாலத்தில் ஏறியது. தண்ணீர் கலங்கிப் போய்க்கொண்டிருந்தது. படிகள் தெரியவில்லை.