மும்மா குறைந்த மரம்

குடியாத்தம் பக்கத்திலிருந்து தங்கச் சுரங்க வேலைக்கு வந்த தசரதன், மரம் அறுக்கும் கொட்டகையின் மேஸ்திரி ஆவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. சுரங்கம் இருந்த ஊரிகத்துக்கு ரயில் வந்த மறு வருடம் அது.

பூமிக்கடியில் பாறையை வெட்டி எடுத்த இடம் இரண்டு சுவர்களுக்கு நடுவே வெறுமையாக நிற்கும். சுவர்கள் சரிந்து வராமல் குறுக்கே முட்டுமரம் கொடுப்பார்கள். அளவு சீட்டில் எழுதி மேலே வரும். தசரதன் டேப்பை விரித்து, குறித்து, அறுத்துக் கீழே அனுப்புவார். மரத்துக்கும் சுவருக்கும் இடையில் விரல் தடிமனுக்கு ஓர் ஆப்பு இறங்கினால் போதும்.

அவருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, எண் தெரியும். டேப்பில் அங்குலம் பாதியாகி, பாதி மறுபடி பாதியாகி இறங்கும். அரை, கால், அரைக்கால், வீசம் என்று சிறு வயதில் ஒப்பித்த வாய்க்கு அதில் புதிதாக எதுவும் இல்லை. டேப்பின் மறுபக்கத்தை அவர் திருப்பிப் பார்த்ததே இல்லை.

சென்னையிலிருந்து கிளாரன்ஸ் என்ற புது உதவி சர்வேயர் வந்த வாரத்தில் ஆறு மரத்துக்குச் சீட்டு வந்தது. இரண்டு மரம் 6.2, இரண்டு 5.6, இரண்டு 5.9. ஆறு அடி இரண்டு அங்குலம், ஐந்து அடி ஆறு, ஐந்து அடி ஒன்பது என்று தசரதன் அறுத்து அனுப்பினார்.

மறுநாள் காலை, கீழே மரம் கட்டும் சகாயம் கொட்டகைக்கு வந்து நின்றான்.

"இன்னாணா, உன் மரத்துக்குக் காய்ச்சலா? இளைச்சுப்போயி வந்துச்சு."

"சீட்டுல இருந்த அளவுதாம்பா."

"அப்ப சுவருதான் பின்னால நவுந்துச்சா? ரெட்டை ஆப்பு அடிச்சு நிறுத்தியிருக்கேன். ஒண்ணு மேல ஒண்ணு, கல்யாண இலையில அப்பளம் வெச்சாப்பல."

தசரதன் சிரிக்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடித்த ஆப்பு ஈரத்தில் வழுக்கும். ஆப்பு வழுக்கினால் மரம் விழும். பகல் ஷிப்டில் பதினெட்டுப் பேர் அந்த ஆறு மரங்களுக்கு அடியில்தான் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

டேப்பை எடுத்துக்கொண்டு சகாயத்துடன் கேஜ் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கினார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒவ்வொரு மரத்தின் குறையையும் அளந்தார். இரண்டில் முடிந்த மரங்களில் குறை அரை அங்குலம்கூட இல்லை. ஆறில் முடிந்தவற்றில் ஒன்றேகாலுக்குச் சற்று உள்ளே. ஒன்பதில் முடிந்தவற்றில் ஒன்றேமுக்காலுக்கு மேல். பாறை நகர்ந்திருந்தால் சீட்டிலிருந்த எண்ணைப் பார்த்தா நகர்ந்திருக்கும்?

டேப்பைத் திருப்பினார். அந்தப் பக்கத்தில் அடி பன்னிரண்டாக இல்லை, பத்தாகப் பிரிந்திருந்தது. அப்பாவின் நிலக்கணக்கில் படித்த மா நினைவுக்கு வந்தது. மா என்பது இருபதில் ஒன்று. பத்தில் ஒன்று இருமா. அப்படியானால் சீட்டில் புள்ளிக்குப் பின்னால் இருந்த ஒன்பது, பத்தில் ஒன்பது; முக்காலும் மூன்று மாவும் சேர்ந்த முக்காலே மும்மா. அவர் அறுத்த ஒன்பது அங்குலமோ வெறும் முக்கால் அடி. மும்மா மரம் அவர் கையால் குறைந்திருந்தது.

"ஆளுங்கள வெளிய கூப்பிடு சகாயம்."

"யாரு சொன்னதுன்னு கேப்பாங்கணா."

"நான் சொன்னேன்னு சொல்லு."

வேலை நின்றது கேட்டு கிளாரன்ஸ் இறங்கி வந்தார். சீட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அதுவரை அடி, அங்குலமாக வந்த சீட்டில் முதன்முதலாகப் புள்ளி வைத்து எழுதியவர் அவர். எந்தப் பக்கத்து அளவு என்று யாரிடமும் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"ஆப்பு இறுக்கமாத்தான் இருக்கு மேஸ்திரி. பாறை கொஞ்சம் நகர்ந்ததுன்னு எழுதிடறேன். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"பாறை நவுந்துச்சுன்னு எழுதினா மரம் நல்ல மரம்னு ஆயிடும் துரை. அப்புறம் அது அடியிலதான் ஆளுங்க குந்துவாங்க."

"மரத்தைத் தப்பா அறுத்ததுன்னு எழுதினா உன் மேஸ்திரி வேலை போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும்."

பிற்பகலுக்குள் ஆறு புது மரங்கள் அறுபட்டன. டேப்பின் இந்தப் பக்கத்தில் ஒருமுறை, அந்தப் பக்கத்தில் ஒருமுறை அளந்த பிறகே தசரதன் ரம்பத்தை வைக்கவிட்டார். பழைய மரத்தை அசைக்காமல் அதன் அருகிலேயே புதியதை ஏற்றி ஆப்படித்த பிறகு பழையதைத் தட்டி எடுத்தார்கள். இரண்டாவது மரத்தைத் தட்டியபோது மேலேயிருந்து கூடை அளவுக் கல் உதிர்ந்தது. ஆறாவது முடிந்ததும் சகாயம் அதன் அடியில் உட்கார்ந்து வெற்றிலைப் பையை அவிழ்த்தான்.

"குந்துணா."

தசரதன் உட்காரவில்லை. அந்த வாரமே மேஸ்திரி வேலை கையைவிட்டுப் போகும், தோளில் மரம் சுமக்கும் கூலிக்கு இறங்குவோம் என்பதை அவர் அறிந்திருந்தார். அப்படித்தான் ஆனது, மீண்டும் யாரும் அவரை மேஸ்திரி ஆக்கவில்லை. அப்போதோ மரத்தில் உள்ளங்கையைப் பதித்தபடி நின்றார். இரண்டாம் ஷிப்டு ஆட்கள் மெழுகுவத்திகளுடன் வந்தார்கள். ஏதோ கதை பேசிக்கொண்டு, ஒருவரும் மேலே நிமிர்ந்து பார்க்காமல், மரத்துக்குக் கீழே நடந்து போனார்கள். கடைசி ஆள் கடக்கும் வரை அவர் கையை எடுக்கவில்லை.