துண்டுக்கு அடியில் ஓர் இடம்

முகத்துவாரத்தைத் தாண்டியதும் பொன்னுரங்கம் தோளிலிருக்கும் துண்டை எடுத்து ஜி.பி.எஸ். கருவியின்மேல் போட்டு மூடிவிடுவார். அந்தக் கருவியில் ஒரே ஓர் இடத்தின் எண்கள்தான் பதிவாகியுள்ளன. அவருக்கு அவை தேவையுமில்லை. தெளிந்த காலையில் சிதம்பரத்துக் கிழக்குக் கோபுரம் கிள்ளைத் தண்ணீர்த் தொட்டிக்கு நேராக வந்து நின்றால், இன்ஜினை அணைத்துவிடுவார். "பின்னே எண் எதற்கு?" என்று ஒருமுறை கேட்டேன். "நான் போயிட்டா மருமவன் தேடுவான் இல்ல?" என்றார்.

முடசல் ஓடை மீனவர், ஐம்பத்தெட்டு வயது, ஒரு ஃபைபர் படகுக்குச் சொந்தக்காரர். அவர் இன்ஜினை அணைக்கும் இடத்தில், பன்னிரண்டு பாக ஆழத்தில், அதாவது எழுபது அடிக்குக் கீழே, ஒரு விமானம் கிடக்கிறது. அதைச் சுற்றிக் கலவா மீனும் சங்கரா மீனும் குடியிருக்கின்றன. படகில் உடன் போகும் என்னைத் தவிர வேறு எவருக்கும் அந்த இடம் தெரியாது. மனைவியின் தம்பி ராஜாமணி இருபது ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து பார்க்கிறார்.

"எங்க மாமா, இம்மாங்காலைல?"

"ஒங்க அக்காவுக்குப் பயந்து ஓடுறேன், மச்சான். நீ யாருக்குப் பயந்து எம்பின்னால வர்ற?"

ஒருநாள் அவரை மதியம்வரை கடலில் சுற்றவிட்டு, புறப்பட்ட துறைக்கே கொண்டுவந்து சேர்த்தார். "டீசல் ஜாஸ்தியா வச்சிருக்கான். கரைக்கணுமில்ல?"

2003இல் அவர் வலையில் ஆணி வரிசை தைத்த அலுமினியத் தகடு ஒன்று சிக்கியது. மீன்கூடைக்கு மூடியாக இருந்த அதை நான் கண்டு, அதிலிருந்த எண்ணை வைத்து விசாரித்து, விமானப்படை ஆவணக் காப்பகத்துடன் ஓராண்டுக் கடிதப் போக்குவரத்துக்குப் பின் விடையைப் பெற்றேன். இரண்டாம் உலகப் போரின்போது, ஒரு மார்ச் 9 அன்று, இரவுக் கடற்காவலுக்காகச் சென்னையிலிருந்து பறந்த விமானம் நால்வருடன் திரும்பவில்லை. சென்ற ஆண்டு ஒரு பத்திரிகையின் சிறப்பு மலர் இந்த விவரங்களை வேறொருவர் பெயரில் வெளியிட்டது. கடிதங்கள் அனைத்தும் என்னிடம் உள்ளன. பொன்னுரங்கம் மட்டும் கேட்பவரிடமெல்லாம், "பேப்பரெல்லாம் இவரு புடிச்சது" என்று என்னைக் காட்டுவார்.

விவரம் தெரிந்த ஆண்டு முதல், மார்ச் 9 அன்று அவர் அங்கே வலை வீசுவதில்லை. பிளாஸ்க்கைத் திறந்து நான்கு தம்ளர் தேநீரை ஒவ்வொன்றாகக் கடலில் ஊற்றுவார். ஐந்தாவதைத் தாம் குடிப்பார். "ராப்பூரா முழிச்சிப் பறந்தவுங்க. டீ இல்லாமயா?"

இந்த ஆண்டு படகில் மஞ்சக்குப்பத்துத் தமிழ்ச்செல்வியும் இருந்தார். ஓய்வுபெற்ற செவிலியர், நால்வரில் வயர்லெஸ் இயக்கிய அந்தோணிசாமியின் தங்கை மகள். மலரில் மாமாவின் பெயரைப் பார்த்து எங்களைத் தேடி வந்தவர். புடவைக்குமேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை, கண்ணாடியெல்லாம் உப்புத்துளி.

மூன்று தம்ளர் ஊற்றியாயிற்று. நான்காவதை உயர்த்தி, "இது ஒங்க மாமாவுக்குக்கா" என்றார் பொன்னுரங்கம்.

"அவரு டீயைத் தொடவே மாட்டாராம், தம்பி. காபிதான்னு எங்கம்மா சொல்லும்."

தம்ளர் அந்தரத்தில் நின்றது. "இத்தன வருசமா ஊத்தியிருக்கேனே. ஒரு வார்த்த சொல்லல பாருங்க மனுசன்."

தமிழ்ச்செல்வி சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினார். பிறகு கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார். மஞ்சக்குப்பம் கல்லறையில் அந்தோணிசாமிக்கு ஒரு கல் உண்டு. பெயர், பிறப்பு, இறப்பு எல்லாம் இருக்கிறது. இடம் என்பதற்கு நேரே 'கடல்' என்று மட்டும் வெட்டியிருக்கிறது.

"கடலுன்னா எந்தக் கடலு தம்பி? ராமேஸ்வரமா, கல்கத்தாவா? இந்த எடத்து நம்பரக் குடுங்க. கல்லறைத் திருநாளுக்குள்ள வெட்டிடுறேன்."

"கல்லுல வெட்டுனா ஊரே படிக்கும்கா. எம்மச்சான் மொத ஆளா போட்டோ புடிச்சிட்டு வருவான். அப்பறம் எனக்கு ஒரு சங்கரா மிஞ்சாது. வருசா வருசம் நானே கூட்டியாறேன், நம்பர மட்டும் கேக்காதீங்க."

"எழுபத்துமூணு எனக்கு. எத்தன வருசம் வருவேன்?"

பொன்னுரங்கம் நான்காவது தம்ளர் தேநீரைத் தாமே குடித்து முடித்தார். கோபுரத்தைப் பார்த்தார், ராஜாமணியின் படகு எங்கேனும் தெரிகிறதா என்றும் பார்த்தார். பிறகு எண்கள் ஒளிரும் கருவியின் மேலிருந்த துண்டை உருவி, அதன் ஈரமில்லாத நுனியைத் தேடி எடுத்து, தமிழ்ச்செல்வியிடம் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ள நீட்டினார்.