தேயாத லைனிங்

என் சித்தியை எங்கள் தெருவில் எல்லோரும் கல்யாணக் கார் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மாவின் ஒரே தங்கை அவள். குழந்தை இல்லை. ஆனால் ஊரில் பாதித் தம்பதிகளைக் கல்யாணம் முடிந்த கையோடு அவர்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டவள் அவள்தான். பிற்பாடு சண்டை போட்டுப் பிரிந்த ஒருவன் கடைத்தெருவில் அவளை மடக்கி, “உங்க வண்டியில ஏறின நேரம்க்கா...” என்று இழுத்தான். “சேத்து வெச்சது நான் இல்லப்பா. கொண்டுபோய் விட்டது மட்டும்தான் நான்” என்று சொல்லிவிட்டுக் கத்திரிக்காய் பொறுக்கப் போய்விட்டாள்.

கார் சித்தியைவிட வயதில் மூத்தது. சாம்பல் நீலம், உருண்டை விளக்குகள், முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரும் ஒரே நீள சீட். கோழி அடைந்துகொண்டிருந்த ஒரு கொட்டகையிலிருந்து அதை இழுத்து வந்து உயிர் கொடுத்தவர் சித்தப்பா. அவர் மெக்கானிக். இளவயதில் சாணைக் கல்லில் இருந்து தெறித்த இரும்புத் தூள் அவருடைய வலது கண்ணைக் கொண்டுபோய்விட்டது. லைசென்ஸ் கேட்டுப் போனவரைக் கையை விரித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதனால் பொத்தான் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சித்தி, கல்யாணத்துக்குப் பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். “முழுக் கண்ணால பாத்திருந்தா இவரு என்னைக் கட்டியிருக்கவே மாட்டாரு, அதுக்கு நன்றிக்கடன்” என்பாள். சித்தப்பா சிரிக்கமாட்டார். சிரிப்பை அடக்கும்போது அவருக்குக் காது மட்டும் அசையும்.

அவர்கள் வீட்டு மாடியில்தான் நான் குடியிருந்தேன். பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. காலையில் நான் இறங்கி வரும்போது ஒர்க்‌ஷாப் கதவு திறந்திருக்கும். சித்தப்பா காரடியில் படுத்திருப்பார். சித்தி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கார்க் கண்ணாடிகளைத் துடைத்தபடி ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருப்பாள். பதிலுக்குக் காரடியிலிருந்து “ம்” வரும்.

அந்த வருஷ மழைக்கு முன்னால்தான் அவள் முதல் தடவையாக அந்தப் புகாரைச் சொன்னாள்.

“ஏங்க, பிரேக் கல்லு மாதிரி இருக்கு. ஏறி நின்னாத்தான் பிடிக்குது.”

பழைய வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் ட்ரம் பிரேக். மிதித்தால் உள்ளே இருக்கும் ஷூ இரண்டும் விரிந்து ட்ரம்மின் உள்பக்கத்தை உரசி நிறுத்தும். சித்தப்பா அன்றைக்கே சக்கரங்களைக் கழற்றினார். தூசி ஊதினார், ஷூவில் ஒட்டியிருக்கும், உரசி உரசித் தேயும் லைனிங்கைப் புதிதாக மாற்றினார். ஒரு வாரம் சித்தி வாய் திறக்கவில்லை. பிறகு மறுபடியும் அதே பேச்சு. அவர் சிலிண்டரை மாற்றினார். பைப்பை மாற்றினார். மிதி ஆடும் ஆணிக்குக் கிரீஸ் வைத்தார். ஒவ்வொரு தடவையும் “இப்ப பாரு” என்பார். அவளும் ஓட்டிவிட்டு வந்து “பரவாயில்லை” என்பாள். அந்தப் பரவாயில்லையில் உப்புச் சப்பே இருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு எதிரே, பாதசாரிகள் கடக்கும் கோட்டைத் தாண்டி வண்டி போய் நின்றது. குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளி வந்த ஒரு பெண் பதறிப்போய்ப் பின்வாங்கி, கோபத்தில் பானெட்டை ஓங்கித் தட்டினாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பின்சீட்டில் இருந்த மாப்பிள்ளையும் பெண்ணும் கவனிக்கக்கூட இல்லை. சித்தி அவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்து, வண்டியை விட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தாள். அந்தக் கை விழுந்த இடத்தில் பள்ளம்கூட இல்லை. ஆனாலும் சித்தப்பா அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த வாரம் பழைய கார் சங்கத்துத் தலைவர் வந்தார். வண்டி அந்தக் காலத்தில் எப்படி வந்ததோ அப்படியே இருக்கவேண்டும் என்பதில் அவர் பிடிவாதக்காரர். ஒருவர் காரில் திருகாணித் தலை வேறு மாதிரி இருந்தது என்று கண்காட்சி வாசலிலேயே திருப்பி அனுப்பியவர். பிரேக் சரியில்லை என்று கேள்விப்பட்டு, தானே ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவியை வாங்கினார். தெருமுனை வரை போய்த் திரும்பி, எங்கள் முன்னால் டக்கென்று நிறுத்தினார்.

“யாருய்யா பிரேக் சரியில்லைன்னது? இன்னும் கொஞ்சம் அமுக்கியிருந்தா என் மூக்கு முன்பக்கக் கண்ணாடியில ஒட்டியிருக்கும்!”

சித்தி கையிலிருந்த துணியை மடித்து, மறுபடியும் பிரித்து, மறுபடியும் மடித்தாள். சித்தப்பா ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி உள்ளே போனார். திரும்பி வந்தபோது குரல் சாதாரணமாக இருந்தது.

“டிஸ்க் பிரேக் போட்டுடலாம்னு இருக்கேன். பூஸ்டரோட. மிதிக்க லேசா இருக்கும்.”

தலைவர் ஆடிப்போனார். “உனக்கென்ன புத்தி கெட்டுப் போச்சா? டிஸ்க் போட்டா இதைப் பழைய கார்னு யார் சொல்லுவா? அதுக்கு ட்ரம்முக்கே ஒரு பூஸ்டரை வெச்சுட்டுப் போயேன்!”

“வெச்சா தொட்டதுமே சக்கரம் பூட்டிக்கும். ஈர ரோட்டுல வண்டி ஒரு பக்கமா இழுக்கும். அவ ஓட்டணும்யா இதை.”

“சங்கத்துலேர்ந்து உன் பேரை எடுத்துருவேன்.”

“எடுத்துக்கோ. பேரா பிரேக் பிடிக்கப் போகுது?”

மறுநாளே பழைய இரும்புக் கடைக்குப் போய், மோதி நொறுங்கிய ஒரு புதிய மாடல் காரிலிருந்து முன்சக்கரத்து டிஸ்க், அதைக் கவ்விப் பிடிக்கும் காலிபர், என்ஜின் உறிஞ்சும் காற்றை வைத்து மிதியை லேசாக்கும் பூஸ்டர் எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தார். ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. காலிபரைப் பிடிக்கும் தகட்டை லேத்காரர் ஒரு தடவை தப்பாக வெட்டினார். இரண்டாம் தடவை சரியாக வந்தால், சக்கரம் காலிபரில் போய் இடித்தது. பூஸ்டர் வைக்க இடமில்லாமல் பேட்டரியை நகர்த்தவேண்டியிருந்தது. வாடிக்கையாளர்களின் வண்டிகள் வாசலில் வெயில் காய்ந்தன. அவர் சாப்பிடவும் மறந்தார்.

ஒரு மதியம் நான் அரை நாள் லீவில் சீக்கிரம் வந்தேன். சித்தி மாடிக்குத் துணி காயப்போட ஏறிக்கொண்டிருந்தாள். நான் கீழே நிற்பதை அவள் பார்க்கவில்லை. ஒவ்வொரு படிக்கும் வலது தொடையைக் கையால் பிடித்துத் தூக்கி மேல் படியில் வைத்தாள். சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். அப்புறம் அடுத்த படி.

நான் ஓடிப்போய் வாளியை வாங்கினேன். “எத்தனை நாளா சித்தி இப்படி?”

“ரொம்ப நாளாச்சு” என்றாள். சர்வசாதாரணமாக, பால் தீர்ந்துவிட்டது என்பதைப் போல. தனியாகப் பஸ் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருக்கிறாள். நரம்பு ஒவ்வொன்றாக வேலையை நிறுத்திக்கொண்டே வருகிறதாம். முதலில் கால். பிறகு கை, கழுத்து. நிறுத்த மருந்து கிடையாது.

“சித்தப்பாவுக்குத் தெரியுமா?”

“சொல்லல. அந்த டிஸ்க்கை மாட்டி முடிக்கட்டும்டி. கையில வேலை இருந்தா மனுஷன் நல்லா தூங்குறாரு.”

நான் அழுதேன். அவள் என் தோளில் கைவைத்து நின்றாள். ஆறுதலுக்கா, பிடிமானத்துக்கா என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் எல்லாம் பொருந்தியது. பிரேக் ஆயில் ஊற்றி, குழாய்களில் மாட்டியிருக்கும் காற்றை வெளியேற்றுவதுதான் பாக்கி. அதற்கு இரண்டு ஆள் வேண்டும். உள்ளே ஒருவர் மிதியை அமுக்கிப் பிடிக்கவேண்டும். அந்த நேரத்தில் வெளியே இருப்பவர் சக்கரத்தில் உள்ள சின்ன ஆணியைத் தளர்த்தி, காற்று குமிழியாக வெளியேறியதும் இறுக்கவேண்டும். இறுக்கும் வரை மிதி மேலே வரக்கூடாது. அத்தனை வருஷமும் அதைச் செய்தவள் சித்தி.

“அமுக்கு” என்றார் சித்தப்பா சக்கரத்தருகே குனிந்து. “பிடிச்சுக்கோ.”

ஆணியைத் தளர்த்தினார். இறுக்குவதற்குள் மிதி மேலே வந்துவிட்டது. வெளியே போன காற்று திரும்ப உள்ளே போனது.

“பரவாயில்லை. மறுபடி அமுக்கு.”

மறுபடியும் அதேதான். அப்புறமும் அதேதான். வலது காலின் மேல் இடது காலையும் வைத்து, ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கியபடி அவள் அமுக்கினாள். நெற்றியிலிருந்து வியர்வை கொட்டியது. நான் கதவருகே நின்றிருந்தேன். சக்கரத்தருகே இருந்த கை அசையாமல் நின்றுவிட்டதைப் பார்த்தேன்.

சித்தப்பா எழுந்து வந்து கதவைத் திறந்தார். குனிந்து, அவளுடைய இரண்டு பாதங்களையும் மிதியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

“வேலை முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேங்க” என்றாள் சித்தி.

“எனக்குத் தெரியும்டி.”

“எப்போலேர்ந்து?”

“முதல்ல லைனிங் மாத்தினேனே, அப்பவே. கழட்டிப் பாத்தா பழசு தேயவே இல்ல. நல்லா இருந்த லைனிங்கைத்தான் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு மாட்டினேன்.” அவர் கை இன்னும் அவள் பாதத்தின்மேல் இருந்தது. “வண்டியில ஏதாவது கோளாறு இருந்துடாதான்னு பாத்தேன். ஒண்ணும் இல்ல. எங்க தேடியும் ஒண்ணும் இல்ல.”

அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். பார்வை போன கண்ணிலும் கண்ணீர் வந்தது. சித்தி தன் மடியிலிருந்த அழுக்குத் துணியால் அதைத் துடைத்தாள். கருப்புக் கிரீஸ் அவர் கன்னமெல்லாம் அப்பிக்கொண்டது. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே இருவரும் சிரித்தார்கள். அப்புறம் அவள் நகர்ந்து உட்கார, நான் ஏறி மிதியை அமுக்கினேன்.

புதிய பிரேக் விரல் வைத்தால் பிடித்தது. சித்தி முதல் தடவை ஓட்டிவிட்டு வந்து, “வெண்ணெயை மிதிக்கிற மாதிரி இருக்குங்க” என்றாள். அந்தப் பருவத்துக் கல்யாணங்கள் சிலவற்றுக்கு அவளே ஓட்டினாள். கூட்டமில்லாத தெருவாகப் பார்த்து, ஆமை வேகத்தில். முகத்தில் பழைய தெம்பு வந்தது. நாங்கள் மூவருமே கொஞ்ச நாள் எதையோ ஏமாற்றிவிட்டோம் என்று நினைத்திருந்தோம்.

பிறகு ஒரு சிக்னலில் அவள் கால் ஆக்சிலரேட்டரை விட்டு எழும்பவே இல்லை. சட்டென்று என்ஜினை அணைத்து, கை பிரேக்கை இழுத்து நிறுத்தினாள். அன்றைக்குப் பக்கத்தில் நான் இருந்தேன். சாவியை எடுத்து என் கையில் வைத்து, “பழகிக்கோ” என்றாள்.

நான் லைசென்ஸ் எடுத்தேன். ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டிப்போவேன். கத்துக்குட்டி என்பதால் பிரேக்கைத் தேவைக்கு மேல் அமுக்கிவிடுவேன். வண்டி டக்கென்று நிற்கும். பக்கத்தில் சித்தியின் கழுத்து தாங்காமல் முன்னால் சரியும்.

“உங்க சித்தப்பா போட்ட பிரேக்குக்கு நான் தலைவணங்குறேன்டி” என்றாள் ஒரு தடவை, நாக்குக் குழற.

பின்சீட்டில் இருந்த சித்தப்பாவின் காது அசைவது, பின்னால் பார்க்கும் கண்ணாடியில் தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போய், பழைய சீட் பஞ்சை வெட்டித் தைத்து அவள் கழுத்துக்கு ஒரு அணை செய்தார். எனக்குத் தெருவில் தினமும் பயிற்சி கொடுத்தார். வண்டி நிற்பதே தெரியாமல் நிறுத்தவேண்டும். “இன்னும் மெதுவா. அவ தலை அசையக்கூடாது” என்பார். அந்த ஒன்றை மட்டும் நான் நன்றாகக் கற்றுக்கொண்டேன்.

மழை விட்ட ஒரு காலையில், எங்கள் இருவர் கையையும் பிடித்தபடி, சித்தி வீட்டிலேயே போய்ச் சேர்ந்தாள். கடைசி வாரங்களில் அவளால் பேச முடியவில்லை. சித்தப்பாதான் பேசிக்கொண்டிருந்தார். அத்தனை வருஷம் “ம்” மட்டும் சொன்ன மனிதர், கட்டிலருகே முக்காலி போட்டு, யார் வண்டிக்கு என்ன ஆனது, லேத்காரர் என்ன சொன்னார் என்று விடாமல் ஊர்க்கதை சொன்னார். துக்கம் விசாரிக்கச் சங்கத்துத் தலைவரும் வந்தார். வெகுநேரம் காரைச் சுற்றி நடந்தார். முன்சக்கரத்து டிஸ்க்கைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

காரை விற்கச் சித்தப்பாவுக்கு மனம் வரவில்லை. கண்ணாடிக் கடைக்கு நான் அதில்தான் போய் வருகிறேன். வாரத்தில் ஓரிரு நாள் அவரும் ஒர்க்‌ஷாப்புக்குச் சாமான் வாங்க என்னோடு வருவார். முன்சீட்டில் சித்தியின் கழுத்து அணை இன்னும் அப்படியே இருக்கிறது. முன்னால் வந்து உட்காருங்களேன் என்று ஒரு தடவை கேட்டேன்.

“பின்னாடியே இருக்கேம்மா. காலை நீட்டிக்கலாம்” என்றார்.

நான் பின்னால் பார்க்கும் கண்ணாடியை அவர் முகம் தெரிகிற மாதிரி சரிசெய்துகொண்டு வண்டியை எடுத்தேன்.