ஊசிக் காதும் நாற்பது மீட்டரும்

நாற்பது மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து டன் கணக்கில் இரும்பைத் தூக்கி வைக்கிற ஆள் என்றால் உங்கள் கண்ணில் என்ன உருவம் வருகிறது? திரண்ட புஜம், அகன்ற மார்பு, தூண் மாதிரி தொடை. அடப் போங்க! தூக்குவது கிரேன். ஆள் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைப்பிடிகளை அசைக்கிறார், அவ்வளவுதான். இருபத்திரண்டு வருஷம் அப்படி உட்கார்ந்தே இருந்தால் மனுஷனுக்கு என்ன வளரும்? தொப்பைதான் வளரும்.

கட்டட வேலைத்தளத்தில் அவருக்கு உச்சாணி என்று பெயர். காலையில் கிரேன் உச்சியில் இருக்கும் கூண்டுக்குள் போனால் சாயங்காலம்தான் தரையை மிதிப்பார். சாப்பாடு மேலே, டீ மேலே, கோபதாபம் எல்லாம் மேலே. கீழிருந்து வாக்கிடாக்கியில் வழிசொல்லும் சைகைக்காரரின் குரல் ஒன்றுதான் பேச்சுத் துணை. வேலையில் அப்படி ஒரு சுத்தம். கம்பிக் கட்டை முட்டைமேல் இறக்கச் சொன்னாலும் ஓடு விரியாமல் இறக்குவார் என்று சைகைக்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். கொஞ்சம் மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை.

பழைய தளத்தில் கூண்டுவரை லிஃப்ட் இருந்தது. புதிய தளத்தில் வெறும் ஏணி. போதாக்குறைக்குப் புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி ஒரு தேர்வும் வைத்துவிட்டார். எட்டு நிமிஷத்துக்குள் ஏணியை ஏறி முடிக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்த இரண்டு நிமிஷத்துக்குள், கொக்கியில் தொங்கும் தண்ணீர்ப் பீப்பாயைத் தரையில் போட்ட வெள்ளை வட்டத்துக்குள் சிந்தாமல் இறக்க வேண்டும். முடியாதவருக்குத் தரையில் சரக்குக் கட்டிவிடுகிற வேலை.

"ஏறின களைப்புல கை நடுங்கறவர்கிட்ட ரெண்டு டன்னை நான் குடுக்க மாட்டேன். கீழ ஆளுங்க நடமாடறாங்க" என்றார் அதிகாரி. நியாயம்தான். நியாயமாக இருந்ததுதான் உச்சாணிக்கு இன்னும் எரிச்சல்.

பக்கத்துக் கட்டடத்தில் ஏற்கெனவே நின்றிருந்த கிரேனில் ஒத்திகை பார்த்தார்கள். நடுநடுவே நின்று மூச்சு வாங்க ஏணியில் ஏழு இரும்புத் தட்டுகள் உண்டு. மூன்றாவது தட்டிலேயே உச்சாணிக்கு நாக்குத் தள்ளிவிட்டது. நாலாவதில் உட்கார்ந்துவிட்டார்.

வாக்கிடாக்கி கரகரத்தது. "அண்ணே, மேல போயிட்டீங்களா, இல்ல அப்படியே வீட்டுக்குப் போயிட்டீங்களா?"

"வாயை மூடுறா!" என்று கத்தக்கூட மூச்சு இல்லை. மேலே போய்ச் சேரப் பத்தொன்பது நிமிஷம். பீப்பாய் ஊஞ்சலாடி வட்டத்துக்கு வெளியே இறங்கியது. பாதித் தண்ணீர் சைகைக்காரரின் பூட்ஸுக்குள் போனது.

"நான் காலையிலயே குளிச்சிட்டேன்ணே" என்றார் அவர் பாவமாக.

புதிய கிரேனைப் பூட்டி முடிக்க ஆறு வாரம் ஆகும். தேர்வு அன்றைக்குத்தான். அதுவரை உச்சாணிக்குச் சரக்குக் கொட்டகையில் கயிறும் கொக்கியும் சரிபார்க்கிற வேலை கொடுத்தார்கள். தரையில் நின்று மற்றவர்கள் ஏறுவதை அண்ணாந்து பார்த்துப் பார்த்து அவருக்குக் கழுத்து வலித்தது. இனிமேல் இதுதானா நம் வாழ்க்கை?

வீட்டில் மூச்சுவிடவில்லை. "டாக்டர் தொப்பையைக் குறைக்கச் சொல்லிட்டாரு" என்று ஒரு பொய்யைச் சொல்லி வைத்தார். வீட்டுக்காரம்மா தையல்காரர். ஜன்னலோரத்தில் மிஷினைப் போட்டு நாள் முழுக்க ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைத்துக்கொண்டிருப்பவர். எழுந்திருக்கும்போது மேசையைப் பிடித்து, முட்டியைப் பிடித்து, ஒரு 'அம்மாடி' சொல்லித்தான் எழுந்திருப்பார். "பரவால்லயே, இப்பவாவது புத்தி வந்துச்சே" என்று சொல்லிவிட்டு மறுபடி மிஷினை மிதித்தார்.

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்கள். கிரேன்காரருக்கு எதையும் எடையால் அளந்துதான் பழக்கம். எடை கூடினால்தான் வேலை என்று எண்ணம். அதனால் இருபது லிட்டர் தண்ணீர் கேன் இரண்டைக் கைக்கொன்றாகப் பிடித்து, குடியிருக்கும் கட்டடத்தின் மூன்று மாடியையும் நாலு தடவை ஏறி இறங்கினார். ஐந்தாவது தடவை இடுப்பு 'டக்'கென்றது. இரண்டு நாள் குப்புறப் படுத்திருந்தார். எழுந்த உடனே ஞானம் வந்து, எடையை விட்டுவிட்டுக் குதிக்க ஆரம்பித்தார். விடியற்காலையில் கூடத்தின் நடுவே நின்று தொம்தொம் என்று.

மூன்றாம் நாள் காலை கதவைப் படபடவென்று தட்டியது கீழ்வீட்டு நர்ஸ். இதய நோயாளிகள் வார்டில் இரவு முழுக்க நின்றுவிட்டு அப்போதுதான் வந்து படுத்தவர்.

"அண்ணா, மேல என்ன, யானையைக் கட்டி மேய்க்கிறீங்களா? என் சீலிங்லேர்ந்து சுண்ணாம்பு உதிருது!"

உச்சாணி வியர்வை சொட்ட, ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி நின்றார். நர்ஸுக்கு அவரைப் பார்த்ததும் கோபம் பாதி இறங்கிவிட்டது. மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். பிரஷர், சர்க்கரை, மாத்திரை எல்லாம் விசாரித்தார்.

"மொதல்ல போய் ஒரு செக்கப் பண்ணிட்டு வாங்க. எதுக்காக இந்தக் கொலவெறி?"

அடுப்படியில் வீட்டுக்காரம்மா இருந்ததால் உச்சாணி குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார்.

"கேனைத் தூக்கினா பலம் வரும், ஆனா மூச்சு வராது. குதிச்சா மூச்சு வரும், முட்டி போயிடும். உங்களுக்கு ரெண்டும் சேந்து வேணும். பன்னெண்டே நிமிஷம், வாரத்துக்கு நாலு நாள். சத்தம் வரக்கூடாது. வந்துச்சு, நான் திரும்ப வருவேன்."

செக்கப் முடிந்து, டாக்டர் சரி என்று சொன்ன மறுநாள் பாடம் ஆரம்பித்தது. அஞ்சு லிட்டர் கேன் ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. மேசை விளிம்பைப் பிடித்துச் சாய்ந்து, நெஞ்சை இறக்கி ஏற்றுவது. தாழ்ந்த முக்காலிமேல் வலதுகால், இடதுகால் என்று மாற்றி மாற்றி ஏறி இறங்குவது. துணிப்பையில் கேனைப் போட்டுக் குனிந்து, விலாவரைக்கும் இழுப்பது. ஒவ்வொன்றும் நாற்பது விநாடி வேலை, இருபது விநாடி ஓய்வு. நாலும் முடிந்தால் ஒரு சுற்று. அப்படி மூன்று சுற்று.

"இவ்வளவுதானா?" என்று உதட்டைப் பிதுக்கினார் உச்சாணி. ஆழம் தெரியாமல் காலை விட்டவர் பேச்சு அது. இரண்டாவது சுற்றில் முக்காலியின்மேல் நின்றபடி, "சிஸ்டர், கடியாரம் ஓடுதா, நின்னுடுச்சா?" என்று கேட்டார். ஓய்வு என்றதும் பழைய பழக்கத்தில் பொத்தென்று உட்காரப் போனவரை நர்ஸ் அதட்டினார். "உக்காராதீங்க! நடங்க! தட்டைப் பாத்ததும் உக்கார்ற புத்திதான் உங்களைக் கெடுத்துச்சு."

இரண்டு வாரம் போனது. முக்காலி கொஞ்சம் சுலபமானது. மாடிப்படியில் காய்கறிப் பையோடு ஏறும்போது பேசிக்கொண்டே ஏற முடிந்தது. உச்சாணிக்குத் தலைகால் புரியவில்லை. தேர்வு கைக்கு வந்துவிட்டதாகவே நினைத்துவிட்டார்.

மூன்றாவது வாரம் ஒரு நாள், கடைசிச் சுற்று முடித்துக் கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். வீட்டுக்காரம்மா மிஷினில் உட்கார்ந்தபடியே கையை நீட்டினார். "சும்மாதானே நடக்கறீங்க, இந்த ஊசில நூலைக் கோத்துக் குடுங்க. கண்ணாடியை எங்கயோ வெச்சுட்டேன்."

வாங்கினார். நூல் ஊசியின் இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது. காதுக்குள் மட்டும் போகவில்லை. நெஞ்சு அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் விரல் துள்ளியது. நாலு தடவை, அஞ்சு தடவை. நூல்முனை பஞ்சாகிவிட்டது. ஆறாவது தடவை ஊசியை மேசைமேல் விட்டெறிந்தார்.

"உன் கண்ணாடியை நீ தேடிக்க! எனக்கு வேற வேலை இல்லயா?"

வீட்டுக்காரம்மா திகைத்துப் பார்த்தார். மனுஷர் கத்துகிற ரகம் இல்லை. இப்போது முகம் வேறு வெளுத்திருந்தது. உச்சாணிக்கு அந்த நொடிதான் விளங்கியது. கால் மேலே போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் கை? பீப்பாய் அன்றைக்கு ஏன் ஊஞ்சலாடியது? காற்றாலா? காற்றும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இதே துள்ளல்தான்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். உச்சாணி பெரிய கெட்டிக்காரர், மூன்று வாரம் தாங்கினார். அன்றைக்கு உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

"கீழ நின்னா குடிமுழுகிப் போயிடாது. சம்பளம்கூடப் பெருசா குறையாது. ஆனா மேல இருக்கறப்பதான் நான் ஒரு ஆளு. கீழ வந்தா, தொப்பையோட ஒரு கெழவன். எனக்கு பயமா இருக்கு."

இருபது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்த அந்த அம்மா, அவர் வாயிலிருந்து 'பயம்' என்ற சொல்லை அன்றுதான் கேட்டார். கண் கலங்கியது. ஆனால் அழவில்லை. உருண்டுபோன ஊசியைத் தேடி எடுத்து, பஞ்சான நூல்முனையை வெட்டி, அவர் கையில் மறுபடி கொடுத்தார்.

"ஏணியை உங்க காலு பாத்துக்கும். இந்தக் கையை நான் பாத்துக்கறேன். நூலைத் துரத்தாதீங்க. மூச்சை முழுசா வெளிய விடுங்க. அடுத்த மூச்சு வர்றதுக்குள்ள ஒரு சின்ன இடம் இருக்கும் பாருங்க, அப்ப கோக்கணும். நாங்க எல்லாம் அப்படித்தான் கோக்கறோம். பதறாத காரியம் சிதறாது."

முதல் தடவையிலேயே நுழைந்துவிட்டது என்று சொன்னால் நான் பொய்யன். எட்டாவது தடவை நுழைந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒரு ஊசி. ஊசிமெத்தையில் மூன்று ஊசி காத்திருக்கும். நாலாவது வாரம் மூன்றில் ஒன்று ஒரே தடவையில் நுழைந்தது. நர்ஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் மேலே வந்து நாடி பிடித்துப் பார்ப்பார். "முன்னாடி அடங்க மூணு நிமிஷம் ஆச்சு. இப்ப ஒண்ணேகால்லயே அடங்குது" என்று சொல்லிவிட்டு, கேனைப் பத்து லிட்டராக்கிவிட்டுப் போனார். பாராட்டும் தண்டனையும் ஒன்றாகவே வந்தன. அஞ்சாவது வாரம் உச்சாணிக்குச் சளி பிடித்து மூன்று நாள் படுத்தார். "போச்சு, எல்லாம் போச்சு" என்று புலம்பினார். போகவில்லை. எழுந்தபோது அரைச் சுற்றுதான் பின்தங்கியிருந்தார்.

தேர்வு நாள் வந்தது. இடுப்பில் பாதுகாப்புக் கயிறு, தலைக்கவசம், கீழே கையில் கடிகாரத்தோடு அதிகாரி. சைகைக்காரர் வட்டத்திலிருந்து பத்தடி தள்ளி நின்றுகொண்டார். "புது பூட்ஸ்ணே" என்றார்.

உச்சாணி ஏறினார். முதல் தட்டு, இரண்டாவது. நாலாவது தட்டில் உட்காரச் சொல்லி உடம்பு கெஞ்சியது. "முக்காலி, வெறும் முக்காலி" என்று முணுமுணுத்துக்கொண்டே அடுத்த படியில் கால் வைத்தார். ஆறாவது தட்டில் தொடை எரிந்தது. கூண்டுக் கதவைத் திறந்து நாற்காலியில் விழுந்தபோது ஏழு நிமிஷமும் இருபது விநாடியும் ஆகியிருந்தது.

நெஞ்சு மத்தளம் அடித்தது. கையை நீட்டிப் பார்த்தார். விரல் துள்ளியது. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அரை நிமிஷம் போனது. கொக்கி அசையவில்லை. அதிகாரியின் குரல் வந்தது. "நேரம் ஓடுது. அங்க என்ன பண்றீங்க?"

"மூச்சு விடறேன் சார்."

ஒரு நிமிஷம் போனது. சைகைக்காரர் நகத்தைக் கடித்துத் துப்பினார். "அண்ணே, ஆரம்பிங்கண்ணே!"

உச்சாணி வாக்கிடாக்கியை ஓரமாக வைத்தார். மூச்சை வெளியே விட்டார். இன்னொன்று. ஒண்ணேகால் நிமிஷத்தில், இரண்டு மூச்சுக்கு நடுவே அந்தச் சின்ன இடம் தட்டுப்பட்டது. கை கைப்பிடிக்குப் போனது. கீழே வெள்ளை வட்டம் ஊசிக் காது அளவுக்குத்தான் தெரிந்தது. இதைவிடச் சின்னதையெல்லாம் பார்த்தாயிற்று! பீப்பாய் நேராக, ஆடாமல், அலுங்காமல் இறங்கியது. வட்டத்தின் நட்டநடுவில் உட்கார்ந்தது. பத்து விநாடி மிச்சம் இருந்தது.

சைகைக்காரர் ஓடிப்போய் பீப்பாயைச் சுற்றித் தரையைத் தடவினார். "சொட்டு இல்லண்ணே! சொட்டுகூட இல்ல!" என்று அவர் போட்ட கூச்சலுக்கு வாக்கிடாக்கி தேவைப்படவில்லை. அதிகாரி தாளில் கையெழுத்துப் போட்டார். மேலே, கண்ணாடிக் கூண்டுக்குள், யாரும் பார்க்காத தைரியத்தில் உச்சாணி அழுதார். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு அன்றைய முதல் கம்பிக் கட்டைத் தூக்கினார்.

மறுநாள் காலை அவருக்கு எழுந்திருக்க மனமே இல்லை. அதுதான் ஜெயித்தாயிற்றே! கூடத்தில் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டு வந்து பார்த்தார். மிஷின் உறை போட்டபடி இருந்தது. வீட்டுக்காரம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, அஞ்சு லிட்டர் கேனை மார்போடு அணைத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன இது?"

"கடியாரத்தைப் பாத்துச் சொல்லுங்க. உங்களுக்கு அந்த ஏணி நாப்பது மீட்டர். எனக்கு இந்த நாற்காலியிலேர்ந்து எழுந்திரிக்கறதே நாப்பது மீட்டர். இத்தனை வருஷத்துல ஒரு தடவை கவனிச்சிருக்கீங்களா?"

 அத்தனை உயரத்திலிருந்து கீழே எறும்பு போல நகர்கிற ஆளையெல்லாம் கவனிக்கிறவர், மூன்றடி தூரத்தில் கேட்ட 'அம்மாடி'யைக் கவனிக்கவில்லை. உச்சாணி கேனை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய், அதில் பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்து கொடுத்தார்.

"மொதல் நாளு. பாதி போதும். இடுப்பு பத்திரம்."

அந்த அம்மா மேசையைப் பிடிக்காமல் எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். உச்சாணி ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டு, ஊசிமெத்தையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து, சுற்று முடிந்ததும் அந்த அம்மா கோக்கட்டும் என்று நூலை உருவிப் போட்டுவிட்டுத் தயாராக நின்றார்.